மாண்டவன் குற்றவாளி! மடித்த தாள்?

பட்டறைத் தோழர்களே, முதலில் உங்களைத்தான் கேட்கிறோம்.

உங்கள் கைக்கு ஒரு டிராயிங் வருகிறது. இரும்புத் துண்டைக் கடைந்து, துளையிட்டு, அளவு பிசகாமல் கொடுக்கவேண்டும். தாளை விரித்ததும் எந்திரத்தை ஓட்டிவிடுவீர்களா? மாட்டீர்கள். தாளின் மூலையைப் பார்ப்பீர்கள். அங்கே நுனி வெட்டிய கூம்பு ஒன்றும், அதன் பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரு வட்டங்களும் இருக்கும். சின்னம் சிறிது, அது சொல்லும் சேதி பெரிது. பிரிட்டிஷ் முறையிலே, பொருளை இடப்பக்கம் நின்று பார்த்த தோற்றத்தைத் தாளின் வலப்பக்கம் வரைவார்கள். அமெரிக்க முறையிலே அதே தோற்றத்தை இடப்பக்கமே வரைவார்கள். இரண்டும் சரியான டிராயிங்தான். ஆனால் ஒன்றை மற்றொன்றாக எண்ணிப் படித்துவிட்டாலோ, இடப்பக்கம் விழவேண்டிய துளை வலப்பக்கம் விழும்!

துண்டு வீண். ‘கண்ணில்லையா உனக்கு?’ என்று சீறுவார் மேஸ்திரி. ‘கண் இருந்தது ஐயா, தாள்தான் இரண்டு மொழி பேசிற்று’ என்று பதில் சொன்னால் காது கொடுப்பாரா? மாட்டார். தாளுக்குத் தண்டனை கிடையாது. தாளைப் படித்தவனுக்குத்தான் தண்டனை!

இரும்புத் துண்டு என்றால் உருக்கி மீண்டும் வார்த்துக்கொள்ளலாம். நூறு உயிர்களை ஏற்றிக்கொண்டு, முகிலுக்குள் மூழ்கி, மலைகளுக்கிடையே இறங்கும் விமானத்திலே, விமானி கையிலிருக்கும் தாள் இரண்டு மொழி பேசினால்? மாண்ட மனிதனை உருக்கி வார்க்க முடியுமா?

அதைத்தான் இன்று பேசப் போகிறோம். ‘விமானத்துக்கும் நமக்கும் என்ன? நாம் பஸ்ஸுக்கே கால்கடுக்க நிற்பவர்களாயிற்றே’ என்று ஒதுக்கிவிட வேண்டாம். வளைகுடா நாட்டுக்கு வேலை தேடிப் போகும் நம் தோழன் ஏறுவது அந்த விமானத்திலேதான். அதுமட்டுமல்ல, விமானியும் கருவியை நம்பி வேலை செய்யும் தொழிலாளிதான். கருவி கோணலானால் பழி யார் தலையில் விழும் என்பது நாம் அறியாத கதையா?

தாளே கண்

வானம் தெளிந்திருந்தால், விமானி ஓடுபாதையைக் கண்ணால் பார்த்து இறங்குகிறான். மேகம் மூடிவிட்டால்? கண்ணாடிக்கு வெளியே வெள்ளைச் சுவர். அந்த நேரத்தில் அவனுக்குக் கருவிமுட்கள் ஒரு கண். மற்றொரு கண், இறங்குமுறை வரைபடம். முன்பு அது கையடக்கமான தாள். இன்று பெரும்பாலும் மின்திரையில் தெரிகிறது. அதிலே மேலிருந்து பார்ப்பதுபோல ஒரு படம். பக்கவாட்டில் பார்ப்பதுபோல ஒரு படம். பக்கவாட்டுப் படம் மாடிப்படி போலிருக்கும். ‘இந்தப் புள்ளி வரையில் இத்தனை அடிக்குக் கீழே போகாதே, அதைத் தாண்டினால் அடுத்த படிக்கு இறங்கு’ என்பது அதன் பொருள். படி தப்பினால் பாறை.

இதை வரைவது யார்? ஒவ்வொரு நாட்டு அரசும் வரைகிறது. இந்தியாவிலே விமான நிலைய ஆணையம் வெளியிடுகிறது. அத்தோடு முடியவில்லை. அரசு தரும் விவரத்தை எடுத்து, தங்கள் பாணியிலே மறுபடி வரைந்து, விமானக் கம்பெனிகளுக்கு விற்கும் தனியார் நிறுவனங்கள் இருக்கின்றன. அமெரிக்காவிலே ஜெப்பசன், ஜெர்மனியிலே லிடோ. ஓடுபாதை ஒன்றுதான், மலை ஒன்றுதான், தாளோ மூன்று! சின்னம் வேறு, எண் நிற்கும் இடம் வேறு, சில இடங்களில் சொல்லே வேறு. 28 நாளுக்கு ஒருமுறை திருத்தங்கள் வேறு வந்து குவியும்.

‘படித்துப் பழகிக்கொள்ள வேண்டியதுதானே?’ என்பார்கள், மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்பவர்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல மூன்று மலைகளை அழைக்கிறோம்.

மூன்று மலைகளின் சாட்சியம்

1974-ஆம் ஆண்டு, டிசம்பர் முதல் நாள். ஞாயிற்றுக்கிழமை காலை. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனை நோக்கி வருகிறது டி.டபிள்யூ.ஏ. கம்பெனியின் 514-ஆம் எண் விமானம். பயணிகள் 85 பேர். பணியாளர் 7 பேர். நகரத்து விமான நிலையத்திலே காற்று கடுமை. ஆகவே டல்லஸ் நிலையத்துக்குத் திருப்பப்படுகிறது. வழியிலே மலை, மலையை மூடிய மேகம். நிலையத்துக்கு இன்னும் 44 மைல் இருக்கும்போதே, இறங்குமுறையைத் தொடங்கலாம் என்று தரையிலிருந்து அனுமதி கிடைக்கிறது.

விமானிகள் தாளைப் பார்க்கிறார்கள். பக்கவாட்டுப் படம் ரவுண்ட் ஹில் என்ற புள்ளியிலே தொடங்குகிறது. அங்கே 1,800 அடி என்றிருக்கிறது. அந்தப் புள்ளிக்கு வந்து சேரும்வரை எத்தனை அடி? பக்கவாட்டுப் படம் வாய் திறக்கவில்லை. மேலிருந்து பார்க்கும் படத்திலே, ஒரு பாதைக்கோட்டின்மீது 3,400 என்று இருக்கிறது. ஆனால் இவர்கள் வந்துகொண்டிருப்பது அந்தக் கோட்டின்மீது அல்ல. அந்த எண்ணைப் பற்றி விமானிகள் பேசிக்கொண்டதும் ஒலிப்பதிவில் இருக்கிறது. அவர்கள் கவனிக்காமல் போகவில்லை தோழர்களே, கவனித்தார்கள், கவனித்துக் குழம்பினார்கள்! அனுமதி கொடுத்துவிட்டார்களே, 1,800-க்கு இறங்கலாம் என்று முடிவு செய்தார்கள். உயரத்தை விமானி பார்த்துக்கொள்வார் என்று தரையிலிருந்தவர் இருந்தார். ஆபத்திருந்தால் தரை சொல்லும் என்று விமானி இருந்தார். வெதர் மலைமீது, ஏறத்தாழ 1,670 அடி உயரத்திலே, மோதியது விமானம். 92 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

விசாரித்தார்கள். இறங்கியது விமானிகளின் முடிவு. அந்த முடிவுக்குக் காரணம் விதிமுறையின் தெளிவின்மை என்றனர் பெரும்பான்மையோர். இரண்டு உறுப்பினர்கள் மாறுபட்டனர். ஆண்டுக்கணக்கில் தாளும் கோப்பும் வைத்து ஆராயும் அறிஞர்களே ஒருமுகமாகப் படிக்கமுடியாத விதியை, குலுங்கும் விமானத்திலே, நிமிடக்கணக்கில் படித்து முடிவுசெய்ய வேண்டியிருந்தது அந்த விமானி!

இன்னொன்றும் கேளுங்கள். அதற்கு ஆறு வாரத்துக்கு முன்பு, வேறொரு கம்பெனியின் விமானம் அதே இடத்தில், அதே குழப்பத்தில், மயிரிழையில் தப்பியிருந்தது. அந்தக் கம்பெனி தன் விமானிகளுக்கு மட்டும் எச்சரிக்கை சொன்னது. அடுத்த கம்பெனிக்காரனுக்கு அந்தச் சேதி எட்டவில்லை. வியாபார வேலி அறிவுக்கும் வேலியாயிற்று! 92 பிணங்கள் விழுந்த பிறகுதான், 1976-இல், தப்பிப் பிழைத்த சம்பவங்களை எவரும் அஞ்சாமல் எழுதி அனுப்ப அமெரிக்காவிலே ஒரு பொது ஏற்பாடு பிறந்தது.

இரண்டாவது மலை, நேபாளத்திலே. 1992 செப்டம்பர் 28. காட்மாண்டுவில் இறங்க வந்த பாகிஸ்தான் விமானம் மலைச்சரிவில் மோதி, 167 பேரும் மாண்டனர். காட்மாண்டு இறங்குமுறை மிகச் செங்குத்தான மாடிப்படி. இத்தனை மைலில் இத்தனை அடி, அடுத்த மைலில் அடுத்த அடி என்று வரிசையாகப் படிகள். அந்த விமானம் ஒவ்வொரு தூரப்புள்ளியிலும் அடுத்த படிக்குரிய உயரத்துக்கு முன்கூட்டியே இறங்கிக்கொண்டே வந்தது. விமானிகள் முறையைப் பின்பற்றத் தவறியதே முதன்மைக் காரணம் என்ற விசாரணை அறிக்கை, இறங்குமுறையின் சிக்கலும் அதைக் காட்டிய வரைபடமும் துணைக்காரணங்கள் என்று எழுதியது. மைலுக்குரிய எண்ணும் அடிக்குரிய எண்ணும் கண்ணுக்கு ஜோடியாகத் தென்படவேண்டும். ஜோடி மாறினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிக்கொண்டிருக்கிறது அந்த மலை.

மூன்றாவது மலை, தென் அமெரிக்காவிலே, கொலம்பியா நாட்டிலே. 1995 டிசம்பர் 20, இரவு. கிறிஸ்துமசுக்கு ஐந்து நாள். மயாமியிலிருந்து காலி என்ற நகருக்கு வருகிறது அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானம், 163 பேர். காலிக்கு அருகிலே ரோசோ என்று ஒரு வானொலி வழிகாட்டி நிலையம். தாளிலே அதன் அடையாள எழுத்து ‘ஆர்’. விமானி, விமானத்தின் கணிப்பொறியில் ‘ஆர்’ என்று தட்டினார். கணிப்பொறி என்ன செய்தது? ‘ஆர்’ என்றால் ரோமியோ என்று எடுத்துக்கொண்டது. அந்த ரோமியோ, தலைநகர் பொகோட்டாவின் அருகே, 130 மைலுக்கு அப்பால்! ரோசோ வேண்டுமென்றால் அதன் முழுப்பெயரைத் தட்டியிருக்கவேண்டுமாம். தாளுக்கு ஒரு பெயர்முறை. கணிப்பொறிக்கு ஒரு பெயர்முறை. இருட்டிலே இடப்பக்கம் திரும்பி மலையை நோக்கிப் போயிற்று விமானம். தவறு தெரிந்து திரும்புவதற்குள் காலம் கடந்துவிட்டது. 159 பேர் மாண்டனர். நால்வர் பிழைத்தனர்.

விமானிகள்மீது தவறே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. அவசரப்பட்டார்கள், சரிபார்க்கத் தவறினார்கள், கொலம்பிய அரசின் அறிக்கை அதைச் சொல்கிறது. ஆனால் அதே அறிக்கை, வரைபடத்திலே ஒரு பெயர்முறையும் கணிப்பொறியிலே வேறொரு பெயர்முறையும் இருந்ததைத் துணைக்காரணமாக எழுதிவைத்திருக்கிறது. தவறுவது மனிதன் இயல்பு. தவறைத் தடுப்பது கருவியின் கடமை. தவறத் தூண்டும் கருவியை என்னவென்பது?

எண் ஒன்று, பொருள் இரண்டு

இன்னொரு விந்தையைக் காட்டுகிறோம். வான்வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் பெரிதாக ஓர் எண் போடுவார்கள். 25 நூறு, அதாவது 2,500 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்துப் பறப்பவர்களுக்கான அமெரிக்க வரைபடத்திலே இதன் பொருள்: ‘இந்தக் கட்டத்திலே மிக உயரமான மலையோ கம்பமோ ஏறத்தாழ இவ்வளவு உயரம்’. கருவியைப் பார்த்துப் பறப்பவர்களுக்கான வரைபடங்களிலே இதன் பொருள்: ‘மலைக்கு மேலே ஆயிரம் அடி, உயர்ந்த மலைநாடாயின் இரண்டாயிரம் அடி, பாதுகாப்பு இடைவெளி சேர்த்தாயிற்று, இந்த உயரத்தில் பறந்தால் மோதமாட்டாய்’.

பார்த்தீர்களா? ஓரிடத்தில் 2,500 என்றால் உயிர்; ஓரிடத்தில் 2,500 என்றால் பாறையின் உச்சி! ஒரு தாளிலே பழகியவன் மறுதாளைக் கையிலெடுத்து, பழைய பொருளையே எண்ணிக்கொண்டால் என்ன கதி?

அளவையிலும் இதே கூத்து. உலகின் பெரும்பகுதி உயரத்தை அடியில் சொல்கிறது. சீனா மீட்டரில் சொல்கிறது. ரஷ்யா, மேல்வானப் பறப்பு உயரங்களை 2011 நவம்பரில்தான் அடிக்கு மாற்றியது. எல்லை தாண்டும்போது விமானி மனத்திலே பெருக்கல் வாய்ப்பாடு ஓடவேண்டும்!

பத்துக் காசு நோட்டுப் புத்தகம்

இந்த நிலை எப்படி வந்தது? இதைச் சொல்லும்போது ஒருவருக்குரிய பெருமையைக் கொடுத்தே தீரவேண்டும். 1930-களில் அமெரிக்காவில் அஞ்சல் விமானம் ஓட்டியவர் எல்ரே ஜெப்பசன். அந்நாளில் வான்வழிக்கு நல்ல வரைபடம் கிடையாது. தோழர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். பத்து சென்ட் கொடுத்து ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். ஓய்வு நேரத்தில் மலைமீது ஏறி, புகைபோக்கியின் உயரம் அளந்து, எந்த ஊரில் எந்த மேட்டில் என்ன கம்பம் என்று குறித்தார். வழியிலுள்ள விவசாயிகளின் தொலைபேசி எண்ணை வாங்கிவைத்து, வானிலை எப்படி என்று கேட்டுக்கொண்டார். தோழர்கள் பிரதி கேட்டார்கள். 1934-இல் பத்து டாலருக்கு விற்கத் தொடங்கினார். முதல் நல்ல வரைபடத்தை வரைந்தது அலுவலகமல்ல. தன் உயிருக்கு அஞ்சிய ஒரு தொழிலாளி! அதை நாம் மறக்கவில்லை.

ஆனால் அந்த நோட்டுப் புத்தகம் பிறகு நிறுவனமாயிற்று, நிறுவனம் கைமாறிற்று. 2025 ஏப்ரலிலே போயிங் கம்பெனி, ஜெப்பசனையும் வேறு சில கிளைகளையும் சேர்த்து 1,055 கோடி டாலருக்கு விற்பதாக அறிவித்தது. பத்து சென்ட் எங்கே, 1,055 கோடி டாலர் எங்கே! இவ்வளவு பணம் புரளும் இடத்திலே, ‘என் சின்னம், என் பாணி’ என்பது வெறும் அழகு விவகாரமல்ல. ஒரு பாணியிலே விமானிகளைப் பழக்கிவிட்ட கம்பெனி, இன்னொரு கடைக்கு எளிதில் போகாது. வேறுபாடே வியாபாரத்துக்கு வேலி.

அரசுகள் சும்மா இருந்தனவா? இல்லை. 1944 டிசம்பர் 7-ஆம் நாள், சிகாகோவிலே 52 நாடுகள் பன்னாட்டு விமான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன்படி பிறந்த பன்னாட்டு நிறுவனம் 1948-இலேயே வரைபடங்களுக்கென விதித்தொகுப்பு கண்டது. நான்காம் இணைப்பு என்று பெயர். எந்தச் சின்னம், எந்த நிறம், எந்த எண் என்று அதிலே இருக்கிறது. இன்று 193 நாடுகள் உறுப்பு. நல்லது! ஆனால் அதே ஒப்பந்தத்தின் 38-ஆம் பிரிவு என்ன சொல்கிறது? விதிக்கு ஒத்துவர இயலாத நாடு, ‘எங்கள் முறை வேறு’ என்று அறிவித்துவிட்டால் போதும் என்கிறது. முன்வாசலில் சட்டம், பின்வாசலில் சலுகை!

சலுகையின் பலனை இன்றும் காணலாம். செயற்கைக்கோள் துணையால் இறங்கும் முறைக்கு, ‘ஆர்.என்.பி.’ என்றே வரைபடத்தில் தலைப்பிடவேண்டும், 2022 இறுதிக்குள் மாற்றவேண்டும் என்று பன்னாட்டு நிறுவனம் கெடு வைத்தது. பல நாடுகள் மாற்றின. அமெரிக்காவோ ‘ஆர்நாவ் ஜி.பி.எஸ்.’ என்ற தன் பழைய தலைப்பையே வைத்துக்கொண்டது. காலியின் 159 உயிர்கள் பெயர்முறை வேறுபாட்டைப் பற்றிப் பாடம் சொல்லிய பிறகும் இந்த நிலை!

முடியுமா? முடிந்திருக்கிறது!

‘உலகம் ஒத்துவராது’ என்று கைவிரிப்பவர்களைப் பரங்கிமலைக்கு அழைத்துச் செல்வோம். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானத்தின் சன்னலிலே தெரியுமே, அதே மலைதான். 1802 ஏப்ரலில் லாம்டன் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து ஏறத்தாழ ஏழரை மைலுக்குச் சங்கிலி பிடித்து அடிக்கோடு அளந்தார். இந்தியா முழுவதையும் அளந்த பெருங்காரியம் அங்கே தொடங்கிற்று. அந்த அளவைப் பணியிலிருந்து எவரெஸ்ட் என்பவர் 1830-இல் பூமியின் வடிவத்துக்குக் கண்ட கணக்கே இந்திய நிலப்படங்களுக்கு அடிப்படையாயிற்று. மற்ற நாடுகளுக்கு மற்ற கணக்குகள். விளைவு? ஒரே இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, கணக்குக்குக் கணக்கு நூறு மீட்டருக்கும் மேல் விலகிற்று. செயற்கைக்கோள் வழிகாட்டத் தொடங்கியதும் இது ஆபத்து என்று கண்டார்கள். 1998 சனவரி முதல் நாளிலிருந்து, வான்வழிக்கு உலகெங்கும் ஒரே பூமிக்கணக்கு என்று விதித்தார்கள். நூற்றாண்டுப் பழக்கத்தை விட்டுக்கொடுத்தார்கள். எந்த நாட்டின் மானமும் கப்பலேறவில்லை!

வரைபடத்திலும் நல்ல மாற்றங்கள் வந்துள்ளன. 1990-களிலே, மலை உயரத்தை வண்ணத்தில் காட்டத் தொடங்கினார்கள். விமானி படிக்கவேண்டிய வரிசையிலேயே முக்கிய எண்களைத் தாளின் தலைப்பிலே அடுக்கினார்கள். வழி இருக்கிறது. வேகம்தான் இல்லை.

குறும்புக்கார நண்பர் ஒருவர் குறுக்கே கேட்கக்கூடும்: ‘எல்லாம் ஒரே மாதிரி ஆகவேண்டும் என்று நீங்களா பேசுகிறீர்கள்?’ என்று. ஆம், நாமேதான்! மொழி உயிர்; அதை ஒரே அச்சில் வார்க்க நினைப்பது கொடுமை. தராசுக்கல் கருவி, அது கடைக்கொன்றாக இருப்பது மோசடி. அதிலும், ஒருவர் வரைந்து மற்றவர் தலையில் கட்டுவது வேறு. எல்லோரும் சமமாக அமர்ந்து பேசி ஒப்புக்கொள்வது வேறு. முன்னது திணிப்பு. பின்னது ஒழுங்கு.

‘ஒரே முறை என்றால் முன்னேற்றம் நின்றுவிடாதா? ஜெப்பசன் தனியாக வரைந்ததால்தானே நல்ல படம் கிடைத்தது?’ என்ற கேள்வியிலே நியாயம் இருக்கிறது, ஏற்கிறோம். தாளின் நிறத்தையும் அழகையும் அவரவர் வைத்துக்கொள்ளட்டும். நாம் கேட்பது நான்கு:

ஒன்று: சின்னத்துக்கும் எண்ணுக்கும் உலகெங்கும் ஒரே பொருள்.

இரண்டு: தாளில் உள்ள பெயரே கணிப்பொறியிலும்.

மூன்று: இதற்குக் கீழே இறங்காதே என்ற உயரம், மேற்படத்திலும் பக்கப்படத்திலும், ஒவ்வொரு படிக்கும், விடாமல்.

நான்கு: வரைபவர்கள் அமரும் மேசையிலே விமானிக்கும் ஒரு நாற்காலி. ஒரு கம்பெனி கண்ட பிழை, மறுநாளே எல்லாக் கம்பெனிக்கும்.

இது விமானிகளின் கோரிக்கை மட்டுமல்ல. ரயில் ஓட்டும் தோழனுக்கும், கொதிகலன் காக்கும் தோழனுக்கும், கிரேன் பிடிக்கும் தோழனுக்கும் இதே நியாயம்தான். விபத்து நடந்ததும் விரல் நீட்டுகிறார்கள், மாண்டவன் பக்கம். அவன் எழுந்து பதில் சொல்லமாட்டான் என்பது அவர்களுக்குத் தெரியும். அவனுக்காக நாம் கேட்போம்: அவன் கையிலே நீங்கள் கொடுத்த தாள் எங்கே? அதில் என்ன எழுதியிருந்தது? அடுத்தவன் கையிலிருந்த தாளிலும் அதுவேதான் எழுதியிருந்ததா?

மலை நகராது, தோழர்களே. மலையைக் காட்டும் தாளைத் திருத்தலாம். திருத்தச் சொல்லுங்கள்!